ஐந்தரை அடி ஆகாயம்

உலகத்தில் மிக அதிகமாக வீணடிக்கப்படும் பொருள் தண்ணீர் அல்ல, மின்சாரமும் அல்ல. மனிதனின் தலைக்கு மேலே சும்மா கிடக்கும் காற்றுதான். இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்த பெருமை பெங்களூருக்கு உரியது. இன்னும் கறாராகச் சொன்னால், எங்கள் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் திருவாளர் கோவிந்தப்பா அவர்களுக்கு உரியது. கண்டுபிடித்தது 1997ஆம் வருடம், ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அருகில் நின்று குறிப்பெடுத்தவன் அடியேன். பெயர் ரகுராம், சொந்த ஊர் வேலூர், பதவி மக்கள் தொடர்பு அதிகாரி. மனைவி வித்யாலட்சுமியோடும் மகள் சௌம்யாவோடும் விவேக் நகரில், குழந்தை ஏசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகைக்குக் குடியிருந்தேன்.

கண்டுபிடிப்பு நிகழ்ந்த இடம் வின்டர்போர்ன் ஹோட்டல். ரெசிடென்சி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே நூற்றுப்பத்து வருடமாக நிற்கும் கட்டடம். மொத்தம் இருபத்துநான்கு அறைகள். ஒவ்வோர் அறையின் கூரையும் பதினெட்டு அடி உயரம். கட்டிய வெள்ளைக்காரன் ஆறடிதான் இருந்திருப்பான். மீதிப் பன்னிரண்டு அடியை எதற்காக வைத்தான் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. வெயிலுக்காக என்று சிலர் சொல்கிறார்கள். ஊதாரித்தனத்துக்கு வெயில் ஒரு சாக்கு.

ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட வாரிசுகளிடமிருந்து எங்கள் கம்பெனி அதை வாங்கியது. வாங்கிய பிறகுதான் புராதனக் கட்டடக் குழு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அந்தக் குழு ஒரே நிபந்தனை விதித்தது. கட்டடத்தின் வெளித்தோற்றத்தில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது, ஓர் அங்குலம்கூட உயர்த்தக் கூடாது. உள்ளே என்ன செய்தாலும் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. வரலாறு வெளிச்சுவரோடு முடிந்துவிடுகிறது என்பது குழுவின் கொள்கை.

வேறு யாராக இருந்தாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கோவிந்தப்பா ஏழாம் எண் அறையின் நடுவில் நின்று, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, ஐந்து நிமிடம் மேலே பார்த்தார். பிறகு தன் கன்னடத் தமிழில் கேட்டார்.

"ஏன்ரீ ரகுராம், மேலே இவ்ளோ ஜாகா சும்னே இருக்குதே. இதுக்கு யாரு வாடகை கொடுக்கறாங்க?"

அதுதான் அந்தத் தருணம். உடனே கணக்குப் போட்டோம். உயரம் பதினெட்டு அடி. நடுவில் இரண்டு தளம் போட்டால், தளத்துக்கு முக்கால் அடி வீதம் ஒன்றரை அடி போகும். மீதி பதினாறரை. அதை மூன்றால் வகுத்தால் ஐந்தரை. மிச்சம் மீதி இல்லாமல் வகுபட்டதைப் பார்த்து, கடவுளே சம்மதம் சொல்லிவிட்டார் என்று கோவிந்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒவ்வோர் அறையும் மேலும் கீழுமாக மூன்று. ஒவ்வொன்றும் நடுவே ஒரு தடுப்புச் சுவரால் இரண்டு. ஆக ஓர் அறைக்கு ஆறு வீடு, இருபத்துநான்கு அறைக்கு நூற்று நாற்பத்துநான்கு வீடு. நகரத்தின் நட்டநடுவில், சாமானியன் வாங்கக்கூடிய விலையில். திட்டத்தின் பெயர் வின்டர்போர்ன் ரெசிடென்சி. 'காம்பாக்ட் லிவிங்' என்ற சொற்றொடரை விளம்பரத்தில் போட்டது நான்தான். அந்த வருடம் அப்படிச் சொன்னால் எந்த நெருக்கடியும் நாகரிகமாகிவிடும்.

விளம்பரத் தாளில் வீட்டின் நீளம் பதினெட்டு அடி என்று அச்சிட்டோம். அகலம் பன்னிரண்டு அடி என்று அச்சிட்டோம். உயரத்தை அச்சிடவில்லை. மறைத்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம், கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். பெண் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் உயரம் கேட்கிறார்கள். வீடு பார்க்க வருகிறவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது மாதிரி வீடு. ஏழாம் எண் அறையை மட்டும் முதலில் மூன்றாக வெட்டி, நடு அடுக்கின் முன்பாதியைக் குடியிருக்கத் தயாராக அலங்கரித்தோம். வாசலை நாலே முக்கால் அடி உயரத்தில் வைத்தோம். கோயில் கருவறை வாசலில் எல்லாரும் குனிந்துதானே நுழைகிறோம் என்று நான் ஒரு விளக்கக் குறிப்பு எழுதினேன். குனிந்து நுழைந்தவரை நிமிர விடாமல் அப்படியே சோபாவில் உட்கார வைப்பது விற்பனைப் பிரிவின் பொறுப்பு. சோபா தரையிலிருந்து முக்கால் அடி. கட்டில், மேஜை, பீரோ எல்லாவற்றையும் அடுகோடியில் ஒரு தச்சரிடம் முக்கால் அளவில் செய்து வாங்கினோம். குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றோம்.

இத்தனை செய்தும் ஏதோ ஒன்று குறைந்தது. காலி வீட்டில் கண் நேராகக் கூரைக்குப் போகிறது என்று கோவிந்தப்பா கண்டுபிடித்தார். கூரைக்கு அடியில் ஆள் நின்றால், கண் ஆளைப் பார்த்துக் கூரையை அளக்கும். ஆள் குள்ளமாக இருந்தால் கூரை தானாக உயர்ந்துவிடும். எனவே மாதிரி வீட்டுக்கு ஒரு 'மாதிரிக் குடும்பம்' தேவை என்று தீர்மானம் நிறைவேறியது.

ஹோட்டல் மூடியபோது வேலையிழந்த பத்தொன்பது பேர் அப்போது பின்கட்டுக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். குவார்ட்டர்ஸை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது. எல்லாரையும் குடும்பத்தோடு வரச்சொல்லி, சுவரில் கோடு போட்டு, டெய்லர் டேப்பை வைத்து அளந்தோம். அறைகளைப் பராமரிக்கும் ரூம் அட்டெண்டராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்த முனிகிருஷ்ணன் தேர்வானார். அவர் ஐந்தடி ஓர் அங்குலம். மனைவி பாஞ்சாலி நாலடி பத்து. ஒரே மகள் வீணா, பன்னிரண்டு வயது, நாலடி ஐந்து. அளவெடுத்துச் செய்தாலும் இப்படிக் கிடைக்காது. மேலும் ஓர் அறைக்குள் இருப்பதே தெரியாமல் நடமாடுவது முனிகிருஷ்ணனுக்குத் தொழில்.

ஒப்பந்தத்தை நானே எழுதினேன். ஞாயிறு உள்பட எல்லா நாளும் பார்வையாளர் நேரத்தில் குடும்பம் வீட்டில் இருக்க வேண்டும். சிரித்த முகமாக இருக்க வேண்டும். இருவருக்கு மேல் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. கடைசி வீடு விற்றுப்போகும் நாளில், மாதிரி வீடு முனிகிருஷ்ணன் பெயரில் பதிவு செய்து கொடுக்கப்படும். இது மட்டும் பொய்யில்லை. கோவிந்தப்பா உண்மையாகவே கொடுப்பதாக இருந்தார். முனிகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டார். பாஞ்சாலி அந்தக் காகிதத்தை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, முக்கால் அளவு பீரோவில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

விற்பனையைப் பற்றி என்ன சொல்ல. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் கூரியர் ஆபீஸ்களிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஈஜிபுராவில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருந்தவர்கள் சாரிசாரியாக வந்தார்கள். குனிந்தார்கள், உட்கார்ந்தார்கள். பாஞ்சாலி நின்றபடி காப்பி கொடுப்பாள். முனிகிருஷ்ணன் கூரைக்கு எட்டாதது போலக் கையை உயர்த்தி, ஒட்டடைக் குச்சியால் மூலையைத் துடைப்பார். அந்தக் குச்சி என் யோசனை. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு 'காற்றோட்டமாக இருக்கிறது' என்பார்கள். பிறகு குனிந்து வெளியேறி, முன்பதிவு செய்வார்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது நிர்வாகத்தின் கவனத்துக்கு ஒரு முறைகேடு கொண்டுவரப்பட்டது. வீணா வளர்ந்துகொண்டிருந்தாள்.

முதலில் அம்மாவைத் தாண்டினாள். ஆறு மாதத்தில் அப்பாவைத் தாண்டினாள். ஒரு வருடம் முடிந்தபோது ஐந்தடி மூன்று அங்குலம். நடுக்கூடத்தில் அவள் எழுந்து நின்றால் கூரை மளமளவென்று இறங்கியது. அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பொருள்: 'மாதிரிக் குடும்ப உறுப்பினர் எண் மூன்றின் செங்குத்து விரிவாக்கம்'. இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, பார்வையாளர் நேரத்தில் மேற்படி உறுப்பினர் உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்றும், கையில் பாடப்புத்தகம் இருக்க வேண்டும் என்றும் முடிவானது. முடிவைத் தெரிவிக்க நான் போனேன். இனிமேலாவது கொஞ்சம் கட்டுப்பாடாக இருக்கும்படி குடும்பத்தைக் கேட்டுக்கொண்டேன்.

"வளர்றதை நிறுத்தறதுக்கு எந்த ஆபீஸ்ல சார் எழுதிக் குடுக்கணும்?" என்று பாஞ்சாலி கேட்டாள்.

கிண்டல் இல்லை. அவள் உண்மையாகவே விசாரித்தாள். இருபத்தாறு வருடம் ஹோட்டல் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஃபாரம் இருக்கும் என்று நம்பிக்கை.

வீணா உட்கார்ந்தாள். தினமும் உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை ஐந்து மாதம் அதே பக்கத்தில் வைத்திருந்தாள். படிப்பாளிப் பெண் இருக்கும் வீடு என்று எங்களுக்கு இன்னும் நல்ல பெயர் வந்தது. 1999 மே மாதம் வாக்கில் நூற்று முப்பத்தொன்பது வீடு முன்பதிவாகியிருந்தது. மாதிரி வீட்டைத் தவிர பாக்கி நாலே நாலு. முனிகிருஷ்ணன் தினமும் சாயங்காலம் என் மேஜைப் பக்கம் வந்து, ஒன்றும் கேட்காமல், சுவரில் இருந்த விற்பனைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த மே மாதத்தில் வீணா பெரியவளானாள்.

பாஞ்சாலி ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுப்புக் கேட்டு வந்தாள். கோலார் தங்கவயலில் இருக்கும் தன் அண்ணன் வீட்டில் மஞ்சள் நீராட்டை முடித்துக்கொண்டு மறுநாளே வந்துவிடுவதாகச் சொன்னாள். ஞாயிறுதான் எங்களுக்கு அறுவடை நாள். மாதிரி வீட்டை எப்படிப் பூட்ட முடியும்? கோவிந்தப்பா உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை பிறந்தது. விழாவை ஏன் மாதிரி வீட்டிலேயே நடத்தக் கூடாது? தயங்கிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்களைக் குடும்பத்தோடு அழைத்தால், 'இந்த வீட்டில் விசேஷமும் நடத்தலாம்' என்பது நேரடியாக நிரூபணமாகுமே. பாக்கி நாலும் ஒரே நாளில் போய்விடுமே.

கோவிந்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். சம்பளம் உயர்த்தாமல் அவர் செய்யக்கூடிய உச்சபட்ச மரியாதை அது. மறுநாளே பத்திரிகை அடித்தோம். 'வின்டர்போர்ன் ரெசிடென்சி பெருமையுடன் வழங்கும் செல்வி வீணாவின் மஞ்சள் நீராட்டு விழா. அனைவரும் வருக. எளிய தவணை வசதி உண்டு.'

பத்திரிகையைக் கொடுக்கப் போனபோது வீணா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது, இருந்தும் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகையை இரண்டு முறை படித்தாள்.

"வீடு பாக்க வர்றவங்க என்னை எதுக்கு அங்கிள் பாக்கணும்?" என்றாள்.

இன்னும் நாலு வீடுதான் பாக்கி என்று சொன்னேன். அவள் பத்திரிகையை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு விளம்பரத் தாளில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை.

ஞாயிறு வந்தது. வாசலில் வாழைமரம், ஸ்பீக்கரில் நாதஸ்வர கேசட். பதினோரு வாடிக்கையாளர் குடும்பத்தினர் குனிந்து நுழைந்து, ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டார்கள். வீணா மணையில் உட்கார்ந்திருந்தாள். விழா முழுவதும் அவள் உட்கார்ந்தே இருக்கும் சடங்கு என்பதில் எங்களுக்கு மிகுந்த திருப்தி. முனிகிருஷ்ணனும் பாஞ்சாலியும் அளவான உயரத்தில் அங்குமிங்கும் நடந்தார்கள். கூரை அன்றைக்கு ஏழடி போலத் தோன்றியது. கோவிந்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

இந்த இடத்தில் நிர்வாகத்தின் ஒரு சிறு கவனக்குறைவைப் பதிவு செய்தாக வேண்டும். அப்பாவை அளந்தோம். அம்மாவை அளந்தோம். மகளை மாதாமாதம் அளந்தோம். தமிழ்நாட்டில் பிறந்து, எனக்கே அக்கா மகள் சடங்கில் மாமன் மாலை எடுத்துக் கொடுத்த அனுபவம் இருந்தும், ஒன்றை அளக்க மறந்துவிட்டேன். சடங்கு என்றால் தாய்மாமன் வருவார்.

பாஞ்சாலியின் அண்ணன் ஆதிகேசவன் சீர்த்தட்டுகளோடு வந்தார். தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மனிதர். ஆறடி இரண்டு அங்குலம். வீணா யாருடைய ஜாடையில் வளர்ந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வாசலில் அவர் குனிந்து நுழைந்ததை யாரும் விசேஷமாகக் கவனிக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் நுழைந்திருந்தார்கள். விற்பனைப் பிரிவுப் பையன்கள் பழக்கதோஷத்தில் அவரைச் சோபாவில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். சீர் கொண்டுவந்த தாய்மாமன் உட்காருவதில்லை என்று அவர்களை விலக்கிவிட்டு, கையில் மாலையோடு நடுக்கூடத்துக்கு வந்து, நிமிர்ந்தார்.

பாதிதான் நிமிர முடிந்தது. பின்னந்தலை கூரையில் முட்டி நின்றது. அவர் மேலே பார்த்தார். பார்ப்பதற்கும் இடம் இல்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார், பிறகு மறு பக்கம் சாய்த்தார். மாமன் நின்று போட வேண்டிய மாலை. நாதஸ்வர கேசட் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. ஆதிகேசவன் கடைசியில் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, தங்கை மகளுக்கு முன்னால் மண்டியிட்டார்.

"மாமா, எழுந்து நில்லுங்க மாமா," என்றாள் வீணா.

"முடியலை கண்ணு."

மண்டியிட்டபடியே மாலையைப் போட்டார். வீணாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சபையில் சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தனை பேர் முன்னால் அவரை மண்டியிட வைத்தது நான்தான் என்று தெரிந்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, காட்சி உருக்கமாக அமைந்துவிட்டதே, விற்பனைக்கு நல்லதுதானே என்று யோசித்தேன்.

அடுத்து ஆலத்தி. ஆதிகேசவனின் மனைவி தட்டைக் கையில் எடுத்து, எல்லாரும் எழுந்து பெண்ணை ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்றாள். சபை மரியாதை தெரிந்தவர்கள். ஒரே சமயத்தில் எழுந்தார்கள். மாதிரி வீட்டில் ஒன்றரை வருடமாக எந்தப் பார்வையாளரும் செய்யாத காரியம் அது.

முதலில் அஷ்வின் என்கிற கோயம்புத்தூர்ப் பையனின் தலை மோதியது. அவனுக்கு அடுத்தவர் தலை, அதற்கு அடுத்து அவருடைய மாமனார் தலை. அட்சதை போட உயர்த்திய கைகள் எல்லாம் கூரையில் இடித்தன. அரிசி அவரவர் தலையிலேயே கொட்டியது. ஆண்கள் எல்லாரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். அஷ்வின் உச்சந்தலையைத் தடவியபடி, வீடு முழுக்க இதே உயரம்தானா என்று என்னைக் கேட்டான். இல்லை, ஃபேன் மாட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும் என்று சொல்லிவிட்டேன். பதற்றத்தில் வாயில் உண்மை வந்துவிட்டது. என் பதினோரு வருட சர்வீஸில் அப்படி நேர்ந்தது அதுதான் முதல் தடவை.

மண்டியிட்டிருந்த ஆதிகேசவன் மெதுவாகத் தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா பூமிக்கு அடியில வேலை பண்றேன் மச்சான். அங்க கூட நிமிர்ந்து நிக்கறதுக்கு ஒரு இடம் வெச்சிருப்பாங்க," என்றார்.

முனிகிருஷ்ணன் கூரையின் மூலையைப் பார்த்தார். ஒட்டடைக் குச்சி அவர் கையில் இருந்தது.

மறுவாரம் முப்பது பேர் முன்பதிவை ரத்து செய்தார்கள். நாட்டுக்கு நல்ல சேதி என்னவென்றால், நூற்று ஒன்பது பேர் ரத்து செய்யவில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. இருந்தும் செய்யவில்லை. ஈஜிபுராவில் குடியிருக்கும் ஒரு கூரியர் ஆபீஸ்காரரிடம் காரணம் விசாரித்தேன். "வாடகை வீட்டுல ஓனரம்மா முன்னாடி தினமும் குனியறோம் சார். இங்கே குனிஞ்சா நம்ம சொந்தக் கூரைக்குக் கீழே குனியறோம்," என்றார். இப்படிப்பட்ட மக்கள் இருக்கும்வரை இந்த நகரத்தின் வளர்ச்சியை யாரும் தடுக்க முடியாது.

ஆனாலும் முப்பது ரத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். கோவிந்தப்பா கூட்டத்தைக் கூட்டினார். "தாய்மாமன் ஹைட்டை ஏன்ரீ யாரும் நோட் பண்ணலை?" என்று மேஜையைத் தட்டினார். யோசனை என்னுடையது என்பது எல்லாருக்கும் நினைவிருந்தது. என்னைத் தவிர. நான் உடனே பேனாவை எடுத்து, முனிகிருஷ்ணனுக்கு விளக்கம் கோரும் கடிதத்தை வரைந்தேன். 'தங்கள் மனைவியின் சகோதரர் ஆறடி இரண்டு அங்குலம் என்ற முக்கியத் தகவலைத் தாங்கள் நிர்வாகத்திடமிருந்து மறைத்ததாலும், தங்கள் மகள் அனுமதியின்றி பத்து அங்குலம் வளர்ந்ததாலும், ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் காரணம் காட்டவும்.' அப்படி ஒரு கடிதத்தை நானே மறுபடி எழுத முயன்றாலும் வராது.

முனிகிருஷ்ணன் மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"மச்சான் உயரம்னு பொண்ணு பாக்கப் போனப்பவே தெரியும் சார். அதை இங்க சொல்லணும்னு தெரியாது," என்றார்.

ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிவு செய்துகொண்டேன்.

அவர்கள் போன அன்று காலை, முக்கால் அளவுக் கட்டிலில் முனிகிருஷ்ணன் புது விரிப்பு விரித்து, ஹோட்டல் வழக்கப்படி நாலு மூலையும் மடித்துச் செருகிவிட்டுத்தான் இறங்கினார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, சாமி படம். வீணா படியிறங்கி வெளியே மரத்தடிக்கு வந்து நின்றாள். வெட்டவெளியில் அவள் நிமிர்ந்து நின்று நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. நெடுநெடுவென்று அழகாக இருந்தாள். பாஞ்சாலி அந்தப் பிளாஸ்டிக் உறையை என்னிடம் நீட்டினாள்.

"எங்க வீட்டு விசேஷத்தை வெச்சு எத்தனை வீடு சார் வித்தீங்க?"

பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஈஜிபுராவில் ஒற்றை அறை, ஷீட் போட்ட கூரை என்று பிறகு கேள்விப்பட்டேன். கூரை எட்டடி உயரமாம். ஆதிகேசவன் வந்தால் நேராக நிற்கிறாராம். வசதி என்பதைச் சிலர் இவ்வளவு குறுகலாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மாதிரி வீடு காலியாக இருந்தது. முப்பதும் நாலும் சேர்ந்து முப்பத்துநாலு வீடு விற்க வேண்டும். புதிய மாதிரிக் குடும்பத்துக்காக நிர்வாகம் ஒரு விண்ணப்பப் படிவத்தை வெளியிட்டது. பழைய நிபந்தனைகள்தான், கடைசி வீடு விற்ற நாளில் பதிவு. தகுதியான குடும்பத்தை நான் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. வித்யாலட்சுமி நாலடி பதினோரு அங்குலம். சௌம்யாவுக்கு ஏழு வயது, வயதுக்குக் கொஞ்சம் குள்ளம். நான் ஐந்தடி எட்டு. ஆனால் குடும்பத் தலைவர் பார்வையாளர் நேரத்தில் ஆபீஸில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம் என்று சிறப்புச் சலுகை கிடைத்தது. பதினோரு வருடம் பிறருக்கு வீடு விற்றவனுக்குக் கடைசியில் ஒரு வீடு. இப்படிப்பட்ட நிர்வாகத்தை எங்கே பார்க்க முடியும்?

படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். 'தாய்மாமன் உயரம்.' வித்யாலட்சுமியின் தம்பி தினேஷ் ராணிப்பேட்டையில் இருக்கிறான். ஐந்தடி பதினொன்று. நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் 'காலமாகிவிட்டார்' என்று எழுதினேன். அதற்குக் கீழே மனைவியின் கையெழுத்து தேவைப்பட்டது. வித்யாலட்சுமி அந்த வரியைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அந்த மாதக் கடைசியில் குடிபுகுந்தோம்.

வந்து இரண்டு மாதமாகிறது. எந்தக் குறையும் இல்லை. வெளியே வரலாறு, உள்ளே நவீனம். கழுத்தில் சின்னதாக ஒரு வலி இருக்கிறது. பணிவு பழகப் பழகச் சரியாகிவிடும் என்று கோவிந்தப்பா சொல்கிறார். வித்யாலட்சுமி மட்டும் முன்போல அதிகம் பேசுவதில்லை. நேற்றுக் காலை பெரிய டம்ளர் நிறையப் பாலை ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து சௌம்யாவின் முன்னால் உட்கார்ந்தாள். குழந்தை போதும் என்றது. அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"குடி கண்ணு," என்றாள். "நீ சீக்கிரம் வளர்ந்தாத்தான் நம்மளை இங்கேருந்து துரத்துவாங்க."